அடைத்து வைத்திருந்த சூடு

காரில் தண்ணீர் ஊற்றுகிற இடம் எங்கே என்று மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் தேடினார். பொனெற்றைத் திறந்து தலையை உள்ளே விட்டார். பிறகு காருக்குக் கீழே ஒரு காட்போட் மட்டையை விரித்துப் படுத்தார். எழுந்து வந்து இன்னொரு தடவை பொனெற்றுக்குள் பார்த்தார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "அத்தான், இது தண்ணி குடிக்காத எஞ்சின்" என்றார்.

"அப்ப ஹீற்றருக்குச் சூடு எங்கையிருந்து வரும்?" என்று அப்பா கேட்டார்.

"அதைத்தானே தேடுறன்."

நாங்கள் அப்போது பாரிஸில் மார்க்ஸ் டோர்மோய் பக்கம், ரயில் பாதையின் மதிலை ஒட்டிய தெருவில், மூன்றாம் மாடியில் இருந்தோம். ஒரு அறை, சமைக்க ஒரு குசினி. எனக்கு எட்டு வயது. தம்பி இன்னும் சரியாக நடக்கத் தொடங்கவில்லை. அம்மாவின் தம்பியான மாமாவும் எங்களோடுதான் இருந்தார். ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினார். ஊரில் அவர் வெங்காயத் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களைத் திருத்தியவர். ஆகவே இயந்திரம் என்று பெயருள்ள எதையும் தன்னால் திருத்த முடியும் என்று அவர் நம்பினார், நாங்களும் நம்பினோம். ஒரேயொரு இடைஞ்சல், யாழ்ப்பாணத்துக் கார்களில் ஹீற்றர் என்ற சாமானே கிடையாது. அங்கே காருக்குள் இருக்கும் சூட்டை எப்படி வெளியே அனுப்புவது என்பதுதான் எல்லோருடைய கவலையும்.

கார் பழுத்த பூவரசம் இலையின் நிறம். புறநகரில் தனியாக இருந்த ஒரு பிரெஞ்சுக் கிழவியிடம் அப்பா அதை வாங்கினார். அது அவருடைய காலஞ்சென்ற கணவரின் கார். காரின் திறப்பைக் கொடுத்த பிறகு அந்த அம்மாள் வீட்டுக்குள் போய் இரண்டு தடித்த கம்பளிகளைத் தூக்கிவந்து பின் சீற்றில் வைத்து, கையால் தட்டிக் காட்டிவிட்டு என்னவோ சொன்னார். அப்பாவின் பிரெஞ்சு அப்போது வேலைத்தளத்துக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது. நல்ல மனுஷி, கம்பளியும் தந்துவிட்டாள் என்று வழிநெடுகப் புகழ்ந்துகொண்டு வந்தார்.

அந்த வருடம் குளிர் வழக்கத்தைவிட மோசமாக வந்தது. கால்வாயில் தண்ணீர் உறைந்து வாத்துகள் அதன்மேல் வழுக்கி வழுக்கி நடந்தன. காரில் ஹீற்றர் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. காற்று வந்தது. வில்லியே லே பெலில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போனால், அவர்களுடைய மாடிக் கட்டடங்கள் கண்ணில் படும் நேரத்தில் அந்தக் காற்றில் இலேசாகச் சூடு தட்டும். நன்றாகச் சூடு பிடிப்பதற்குள் நாங்கள் இறங்கிவிடுவோம். மற்ற எல்லோரும் இதைச் சொல்லிச் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை.

அம்மாவுக்குத்தான் எல்லோரையும்விடக் குளிர். கார்த்திகை மாதத்தில் ஒருநாள் ரூ பெர்தொனே என்ற தெருவில் இருந்த ஒரு தமிழ்க் கடைக்குத் தொலைபேசியில் செய்தி வந்தது. கடைக்காரர் கடை பூட்டிப் போகும் வழியில் ஏறி வந்து சொல்லிவிட்டுப் போனார். அம்மாவின் தகப்பனார், அம்மாவும் மாமாவும் ஐயா என்று கூப்பிடுகிறவர், ஊரில் இறந்துபோனார். செய்தி எங்களிடம் வருவதற்குள் உடலை எரித்தும் முடிந்திருந்தது. எங்களுக்கு இன்னும் அகதிப் பேப்பர் கிடைக்கவில்லை. பிரான்சை விட்டு வெளிக்கிட்டால் திரும்பி வர வழியில்லை. அம்மா அழவில்லை. அன்றைக்கும் சோறு காய்ச்சினார், தம்பிக்கு ஊட்டினார். ஆனால் அன்றிலிருந்து வீட்டுக்குள்ளும் குளிர்க்கோட்டைக் கழற்றவில்லை. ராடியேற்றருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருப்பார். சீப்பால் எனக்குத் தலை இழுக்கும்போது அவருடைய விரல்கள் கழுத்தில் பட்டால் துள்ளுவேன். அவ்வளவு குளிர்.

"அக்காவுக்கு உள்ளுக்கை குளிர் பிடிச்சிட்டுது" என்று மாமா அப்பாவிடம் சொன்னார். அதன் பிறகுதான் அவர் அந்தக் காரின் பொனெற்றைத் திறந்தார்.

மாமாவின் ஆராய்ச்சி பல ஞாயிற்றுக்கிழமைகள் நடந்தது. முதலில் அம்மாவை முன் சீற்றில் இருத்தி, காற்று வரும் துவாரத்தில் கையை வைக்கச் சொன்னார். நான் அம்மாவோடு ஒட்டிக்கொண்டு இருந்தேன். அப்பா எஞ்சினை உறுமவிடுவார். மாமா முன்னால் நின்று கத்துவார்.

"அக்கா, சூடு வருதோ?"

"இல்லை."

"இப்ப?"

"இல்லையடா."

ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பிடியை இழுத்தால் ஒரு கம்பி அசைந்து சிறிய மூடி ஒன்று திறக்க வேண்டும். மூடி திறந்தது, ஆகவே கம்பியில் பிழையில்லை. விசிறி சுற்றியது, ஆகவே காற்றிலும் பிழையில்லை. எஞ்சினிலிருந்து புகை போகும் குழாயைச் சுற்றி ஒரு தகரக் கூடு இருப்பதையும், காற்று அந்தக் கூட்டுக்குள் போய்ச் சூடாகி, கைத்தடிப்பான இரண்டு குழாய்கள் வழியாகக் காருக்குள் வருவதையும் மாமா தானாகவே கண்டுபிடித்தார். கண்டுபிடித்த அன்றைக்கு அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழாய்களை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை கையால் தடவிக்கொண்டு வந்தார். எஞ்சின் பக்கம் சுட்டது. காருக்குள் நுழையும் பக்கம் பச்சைத் தண்ணீர் போல் இருந்தது.

"இடையிலை என்னவோ நிக்குது" என்றார்.

குழாயைக் கழற்றி, உடுப்புக் கொழுவும் கம்பியை நிமிர்த்தி உள்ளே விட்டு இழுத்தார். ஒரு துணி உருண்டை வெளியே வந்தது. மற்றக் குழாயிலும் அப்படியே ஒன்று. எலி கொண்டுபோய் வைத்ததல்ல. நன்றாக மடித்து, இறுக்கிச் சுருட்டி, மெல்லிய கம்பியால் கட்டி அடைத்திருந்தது. மாமா கம்பியை அவிழ்த்து உதறியபோது அது கட்டம் போட்ட ஒரு ஆம்பிளைச் சேர்ட்டின் கை என்று தெரிந்தது. மணிக்கட்டுப் பொத்தான்கூடப் பூட்டியபடி இருந்தது.

அம்மா கண்ணாடிக்குள்ளால் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உதை ஏனடா அடைச்சு வைச்சிருக்கினம்?" என்று கேட்டார்.

"ஆரோ விசரன், அக்கா. வெய்யில் காலத்திலை சூடு வரக்கூடாதெண்டு அடைச்சிருப்பான்." மாமா அந்தக் கையைத் தன் கைமேல் போட்டு ஆட்டிக் காட்டினார். நான் சிரித்தேன்.

குழாய்களைத் திரும்பப் பூட்டினார். கிழிந்திருந்த இடங்களுக்கு நாடா சுற்றினார். எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடியது. அம்மா துவாரத்தில் கையை வைத்தபடி இருந்தார். அவருடைய முகம் மாறுவதைத்தான் நான் முதலில் கண்டேன்.

"வருது" என்றார். பிறகு குனிந்து, கன்னத்தைக் காற்றில் வைத்து, கண்ணை மூடினார். "சூடு வருதடா."

மாமா தெருவில் நின்று கையைத் தட்டினார். சற்றுப் பொறுத்து அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "சுருட்டு மணக்குது."

"நான் சுருட்டுப் பத்திறேல்லையே, அக்கா."

"உன்ரை சிகரெட் இல்லை. சுருட்டு. ஐயாவின்ரை சுருட்டு."

மாமா சிரிப்பதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். பழைய எண்ணெய் எரிகிற மணம், ஓட ஓடப் போய்விடும் என்று மாமா சொன்னார். போகவில்லை, எங்களுக்குத்தான் பழகிவிட்டது. வேறொரு மாற்றமும் நடந்தது. காரில் ஏற்றினால் ஊரைக் கூட்டுகிற தம்பி, கார் ஓடத் தொடங்கியதும் தூங்கிப்போனான். ஹீற்றர் திருத்தியதால் வந்த இன்னொரு நன்மை என்று மாமா அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார். உற்சாகம் தாங்காமல், கதவு இடுக்குகளால் வரும் குளிர்க்காற்றையும் விடக்கூடாது என்று எல்லாக் கதவுகளையும் சுற்றிப் பஞ்சு நாடா ஒட்டினார்.

தைப்பொங்கலுக்குப் பெரியம்மா எங்களை வரச் சொல்லியிருந்தார். இரவே பனி கொட்டியிருந்தது. நாங்கள் மத்தியானத்துக்கு முன்பே வெளிக்கிட்டோம். அப்பா காரை ஓட்டினார், பக்கத்தில் மாமா. பின்னால் ஒரு கரையில் நான், அடுத்து அம்மா, மற்றக் கரையில் கம்பளிக்குள் சுருட்டி வைத்த தம்பி. வடக்கே போகும் பெருந்தெருவில் ஏறியதும் வாகனங்கள் நின்றன. எங்கோ முன்னால் ஒரு லொறி பனியில் குறுக்கே நின்றுவிட்டதாம். நகர்வோம், நிற்போம். கண்ணாடிகளுக்கு வெளியே வெள்ளை தவிர ஒன்றும் தெரியவில்லை.

ஆனால் உள்ளே என்ன சூடு! அம்மா கோட்டைக் கழற்றினார். செய்தி வந்த பிறகு அன்றைக்குத்தான் அவரை நான் கோட்டு இல்லாமல் பார்த்தேன். கன்னங்கள் சிவந்து முகம் பளபளத்தது. அப்பா கண்ணாடியில் பார்த்து, "கலியாண வீட்டிலை பாத்த மாதிரி இருக்கிறீர்" என்றார். அப்பா அப்படியெல்லாம் சொல்லுகிறவர் இல்லை. மாமா அதைக் கேட்டுக் கிண்டல் செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையைக் கண்ணாடியில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தலையிடித்தது. சொன்னால் திரும்பிப் போய்விடுவார்கள், பொங்கல் கிடைக்காது என்று பேசாமல் இருந்தேன். கை சும்மா இருக்காமல் என் பக்கத்துக் கதவின் பஞ்சு நாடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடுக்கால் ஊசி போல ஒரு காற்று வந்து என் மூக்கில் பட்டது.

அப்போதுதான் அம்மா தம்பியைத் தூக்கி மடியில் வைத்தார். வைத்துவிட்டு என் பக்கமாக நகர்ந்தார். மற்றக் கரையில் ஒரு ஆள் இருக்கும் அளவுக்கு இடம் விட்டார்.

"வாங்கோ ஐயா" என்றார். "வடிவா இருங்கோ. உள்ளுக்கை குளிரேல்லை."

யாரோ வீட்டு வாசலுக்கு வந்தவரை வரவேற்கிற சாதாரணக் குரல். அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் எனக்கு விளங்கவில்லை, குரல் தாழ்ந்துவிட்டது. கேட்பதும், மறுமொழிக்குப் பொறுப்பதும், பிறகு தலையாட்டுவதுமாக இருந்தார். ஒரு இடத்தில் மெல்லச் சிரித்தார். நான் எட்டி அந்த இடத்தைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. ஆனால் சீற்றின் அந்தப் பக்கம் அமுங்கியிருந்தது. அமுங்கியிருந்தது என்றுதான் இன்றைக்கும் என் நினைவு சொல்லுகிறது. எனக்குப் பயம் வரவில்லை. அம்மப்பா இவ்வளவு தூரம் எப்படி வந்தார், செருப்பில்லாமல் பனியில் கால் விறைக்காதா என்று யோசித்தேன். பிறகு அந்த யோசனையும் நின்றுபோனது.

முன்னால் நின்ற வாகனம் நகர்ந்தது. நாங்கள் நகரவில்லை. அப்பாவின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கிலிருந்து வழுகி மடியில் கிடந்தன. பின்னாலிருந்து ஹோர்ன் அடித்தார்கள். நீண்ட ஹோர்ன். அது வேறு ஏதோ ஊரில் அடிப்பது போலக் கேட்டது.

பின்னால் நின்ற லொறியின் சாரதி சண்டைக்குத்தான் இறங்கி வந்திருக்க வேண்டும். கண்ணாடியில் அடித்தார். மீசையில் பனி ஒட்டிய முகம் உள்ளே பார்த்தது. கத்தத் திறந்த வாய் அப்படியே நின்றது. அடுத்த கணம் அப்பாவின் பக்கத்துக் கதவைத் திறந்து அவரை இழுத்துப் பனியில் போட்டார். மாமாவை இழுத்தார். என் பக்கம் ஓடிவந்து கதவைத் திறந்து, "சோர்த்தே! சோர்த்தே!" என்று கத்தினார்.

பாடசாலைக்குப் போய் வந்ததால் எனக்கு அது விளங்கியது. "அம்மா, இறங்கட்டாம்" என்றேன்.

"பொறு பிள்ளை" என்றார் அம்மா. "ஐயா இப்பத்தானே வந்தவர்."

அந்த மனிதர் அவரையும் தூக்கித்தான் இறக்க வேண்டியிருந்தது.

பனியில் முழங்காலில் நின்று நான் வாந்தி எடுத்தேன். அப்பாவும் எடுத்தார். மாமா எழும்புவதும் விழுவதுமாக இருந்தார். தம்பி மட்டும் கண்ணைத் திறக்கவில்லை. ரோசா நிறத்தில், கடையில் வைக்கும் பொம்மையைப் போல அழகாக இருந்தான். லொறிக்காரர் அவனைத் தலைகீழாகத் தூக்கி உள்ளங்காலில் அடித்தார், தெரு ஓரமாக அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார், திரும்பி ஓடிவந்தார். ஒரு அம்மாள் தன் காரிலிருந்து இறங்கி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு தம்பி ஒரு சத்தம் போட்டான். பூனைக்குட்டியின் சத்தம். அதன் பிறகு வீறிட்டான். அப்பா பனியில் இருந்தபடியே தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் தம்பியின் பக்கம் திரும்பவில்லை. கதவுகள் திறந்து கிடந்த காரின் பின் சீற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் எங்கள் எல்லோருடைய மூக்கிலும் ஒட்சிசன் வைத்தார்கள். காரைக் கட்டியிழுத்துப் போன கராஜ்காரர் பிறகு அப்பாவிடம் சங்கதியைச் சொன்னார். தகரக் கூட்டுக்குள் இருந்த புகைக்குழாயில் வெடிப்பு விழுந்திருந்தது. எஞ்சினின் புகை சூட்டோடு கலந்து உள்ளே வந்திருக்கிறது. முன்பு கார் வைத்திருந்தவருக்கு அது தெரியும். தெரிந்துதான் துணியால் அடைத்துவிட்டு, கம்பளியைப் போர்த்துக்கொண்டு காரை ஓட்டியிருக்கிறார். கிழவி தட்டிக் காட்டிச் சொன்னதும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மாமா அதைக் கேட்டுச் சுவரில் சாய்ந்து அப்படியே இருந்துவிட்டார். "நான் உங்களைக் கொல்லப் பாத்திட்டன், அக்கா" என்று அம்மாவின் காலடியில் அழுதார்.

அம்மா அவருடைய தலையைத் தடவினார். "அழாதை. நீ நல்லாத்தான் திருத்தினனி" என்றார்.

என்ன பெருந்தன்மை என்று பெரியம்மா கண்ணைத் துடைத்தார். எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றியது.

கார் திருத்தாமலே எங்கள் தெருவுக்குத் திரும்பி வந்து மதிலோரம் நின்றது. மாமா அதன் பக்கம் போகவே மாட்டேன் என்றார். யாராவது பழைய இரும்புக்காரன் எடுத்துப் போகும்வரை நிற்கட்டும் என்று அப்பா சொன்னார். அம்மாவுக்கு இன்னும் உடம்பு தேறவில்லை என்று பெரியம்மா தம்பியைத் தன்னோடு வைத்துக்கொண்டார். அம்மா திரும்பவும் கோட்டைப் போட்டுக்கொண்டார்.

ஒரு புதன்கிழமை. பாடசாலை இல்லாத நாள். அப்பாவும் மாமாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி அம்மா மத்தியானம் இறங்கிப் போனார். நான் யன்னலில் நின்றேன். தெருவில் எங்கள் காருக்குப் பின்னால் வெள்ளையாகப் புகை எழும்பியது. அப்பா நேரத்தோடு வந்துவிட்டார், எங்கேயோ போகப் போகிறோம் என்று நினைத்து, காலில் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு ஓடினேன்.

அப்பா இல்லை. அம்மாதான் இருந்தார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் திறப்பை எந்தப் பக்கம் திருப்புவது, எந்தப் பிடியை இழுப்பது என்று மாமாவின் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்திருந்தார். எஞ்சினை ஓடவிட்டுப் பின் சீற்றில், நடுவில், தனியாக இருந்தார். கோட்டு மடித்து மடியில் இருந்தது. ஒரு கரையில் இடம் விட்டிருந்தார்.

நான் அந்தக் கரைக் கதவைத் திறந்து ஏறினேன்.

"அங்கை இராதை, பிள்ளை."

"ஏன்?"

நான் அதற்குள் சீற்றில் ஏறி இருந்து கதவையும் சாத்திவிட்டேன். "எனக்கும் குளிருது, அம்மா. நானும் இருக்கிறன்" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தார். முதலில் யாரோ தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போல இருந்தது. பிறகு என் கன்னத்தில் கையை வைத்தார். அந்தக் கை சூடாக இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். திடீரென்று எழுந்து, முன் சீற்றுக்கு மேலால் எட்டி விழுந்து, திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். கண்ணாடிகளை ஒவ்வொன்றாக அவசரம் அவசரமாக இறக்கினார். குளிர் உள்ளே பாய்ந்தது. என்னைக் கதவால் இழுத்து இறக்கி, தெருவில் நின்றபடி, மூச்சு முட்டும்வரை கட்டிப்பிடித்தார். அவருடைய உடம்பு முழுவதும் நடுங்கியது. கோட்டைப் போடாமல் வந்தால் நடுங்காதா என்று நினைத்தேன்.

எனக்குப் பெரிய கோபம். அன்றைக்குப் பின்னேரம் அப்பா வந்ததும் கோள் சொன்னேன். அம்மா தான் மட்டும் காருக்குள் போய் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருந்தார், நான் ஏறினதும் நிற்பாட்டிவிட்டார் என்றேன். அம்மாவுக்கு ஏச்சு விழும் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

அப்பா ஏசவில்லை. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் போய், அம்மாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். பிறகு, "ஐயாவைப் பற்றிச் சொல்லும்" என்றார். அம்மா சொல்லத் தொடங்கினார். அப்போதுதான் அழுதார். கார்த்திகை மாதத்தில் அழ வேண்டியதை எல்லாம் அன்றைக்கு அழுதார்.

அடுத்த நாள் கார் அந்த இடத்தில் இல்லை. அப்பா வேலைக்குப் போகவில்லை. பெரியம்மா தம்பியோடு வந்து எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். அதன் பிறகு பல நாட்கள் அப்பா போனால் மாமா இருப்பார், மாமா போனால் பெரியம்மா இருப்பார். அம்மா குப்பை கொட்டப் போனாலும் யாராவது கூடவே போனார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் அந்த ஒரு அறைக்குள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இருந்தோம். எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் கொண்டாட்டம், ஒருவரும் வேலைக்குப் போவதில்லை என்று பாடசாலையில் எல்லோருக்கும் சொன்னேன். என்ன கொண்டாட்டம் என்று ரீச்சர் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பொங்கல் என்று சொல்லிவைத்தேன்.